வாசித்ததைக் கேட்டவர்

பாப்பா,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிடு. மூட்டை இறக்க ஆள் குறைவாம், நான் வர இருட்டிவிடும். குழாய் சரிபண்ண ஆள் வந்தால் திறந்துவிடு.

இசைப் பாடத்துக்கு வீட்டில் ஒருவர் முன்னால் வாசித்து, கேட்டவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கி வரச் சொன்னார்களாமே. மாடி அத்தை சொல்லித்தான் தெரியும். "உங்க பொண்ணு புண்ணியத்துல நானும் மார்க்கு போடுற டீச்சர் ஆயிட்டேன்க்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு அவளைப் போல நன்றாக எழுத வராது என்றுதானே அவளிடம் போனாய்?

நான் உள்ளே வந்தால் புல்லாங்குழலை எடுத்து வைத்துவிடுகிறாய். அதனால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்துதான் தினமும் கேட்கிறேன். நேற்று ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கித் திரும்ப ஆரம்பித்தாய். கடைசியில் தாண்டிவிட்டாய். கை தட்டலாம் போல் இருந்தது. தட்டினால் நிறுத்திவிடுவாயே என்று சும்மா இருந்தேன்.

அத்தை எழுதியதையே பள்ளியில் கொடு. அவள் கையெழுத்து அழகு.

அம்மா

தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. இன்றைக்கு நேரே உள்ளே வருவேன். நீ பாட்டுக்கு வாசி, கண்ணு.