‘ஒதுங்க’ என்ற சொல்லைத் திருத்தியது குறித்து

அனுப்புநர்
ஆலைப் பாட்டுக்காரியின் அக்கா மகள்,
கடைசி வரிசை, பழைய ஆலைக் குடியிருப்பு.

பெறுநர்
காப்பாட்சியர் அவர்கள்,
நகர அருங்காட்சியகம்.

பொருள்: ‘பாட்டில் நம் ஊர்’ கண்காட்சி – ஆலைப் பாட்டில் நீக்கிய சொல்லைத் திரும்ப வைக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை எழுந்ததும், பல்கூட விளக்காமல், தங்கள் கண்காட்சிக் கூடத்துக்கு நடந்து வந்து பூட்டிய கண்ணாடிக் கதவு வழியே சுவரைப் பார்த்தேன். எழுத்து மாறியிருக்கவில்லை. வீடு திரும்பியும் உட்கார முடியாமல், நின்றபடியே இதை எழுதுகிறேன்.

1. நூற்புக் கூடத்துப் பெண்கள் பாடியது, என் சித்தி தங்களுக்குப் பாடிப் பதிவு செய்து கொடுத்தது, இது:

ஒதுங்கப் போனா எங்கக்கா – ஆலைக்குள்ள
ஒதுங்க ஒரு எடமில்ல
ஊறிப்போன செவரு பின்னால போனா
ஓடிவர நேரமில்ல

2. அந்த அக்கா என் அம்மா. அப்போது ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அவசரத்துக்குச் சுற்றுச்சுவர் மறைவில் போனவர் மேல் மழையில் ஊறிய சுவர் விழுந்தது. வேலை நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினார் என்று நிர்வாகம் கதையை முடித்துவிட்டது. அதை மறுக்கப் பெண்களிடம் இருந்தது இந்தப் பாட்டு ஒன்றுதான். பாடிக்கொண்டே இயந்திரங்களை நிறுத்தினார்கள். அதன் பிறகே கழிப்பறை வந்தது.

3. தங்கள் சுவரில் ‘ஒதுங்கிப் போனா எங்கக்கா’ என்று இருக்கிறது. ஒதுங்கப் போனவர் வேறு, வேலையை விட்டு ஒதுங்கிப் போனவர் வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. ஒரு சுழி சேர்ந்து ‘க’ ‘கி’ ஆனதில் நிர்வாகம் சொன்னதே உண்மையாகிவிட்டது.

4. தங்கள் உதவியாளரிடம் கேட்டேன். “குடும்பத்தோட வர்ற எடம்மா இது. கக்கூஸ் பாட்டைச் சுவத்துல எழுத முடியுமா?” என்றார். பக்கத்தில் நின்ற சித்தி, “அப்ப பூப்பறிக்கப் போனான்னு எழுதிக்கப்பா, வாசனையா இருக்கும்” என்றார். உதவியாளர் சிரிக்கவில்லை. ஞாயிறன்று திறப்பு விழாவில் திருத்தியபடி பாடாவிட்டால் பாட்டையே எடுத்துவிடுவோம் என்றார். திரும்பும் வழியில் சித்தி, “ஒரு எழுத்துதானடி, போகட்டும். பாட்டாவது நிக்கட்டும்” என்றார். அன்று அக்காவுக்காக வேலையை இழந்தவர் அவர். அவரோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

எனவே சுவரில் உள்ள சொல்லைத் திருத்தவும், சித்தி எப்போதும் பாடியபடியே பாடவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

சித்தியிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் தங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் எதுவும் மாறாவிட்டால், சித்தி அந்த அடிக்கு வந்து தயங்கும்போது, கூட்டத்திலிருந்து எழுந்து நானே பாடுவேன். எனக்குக் குரல் வளம் கிடையாது. உரக்க மட்டும் வரும்.

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
சுவரடியில் இறந்தவரின் மகள்