நீக்கிய உலாவி மீண்டும் வந்துவிட்டது

நீங்கள் நேற்று நீக்கிய புது இணைய உலாவியை இன்று மீண்டும் நம் வீட்டுக் கணினியில் ஏற்றிவிட்டேன். ‘இதையெல்லாம் யாரு வச்சிருக்கா?’ என்றீர்களே, எங்கள் பதிப்பகத்தில் பாதிப்பேர், உங்கள் தங்கையும்கூட.

முதுமையில் இறைவனை அழைக்கும் பதிகங்களை உரைநூலுக்காகத் தேடினேன். பழைய உலாவியோ திரை முழுக்க முதியோர் இல்ல விளம்பரங்களைக் கொட்டிற்று. செய்தி படிக்க வந்த மாமா அவற்றைக் கண்டு, ‘என்னை எப்பம்மா கொண்டுபோய் விடப்போறீங்க?’ என்றார். உங்கள் அப்பா வாயால் அதை இன்னொரு முறை கேட்க என் நெஞ்சில் வலுவில்லை. புதியது நம் தேடலை வேவு பார்ப்பதில்லை. ஆகவே இதில் உங்கள் சொல்லைக் கேட்பதாயில்லை.

சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது. மாமாவோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பி.கு.: மாமா தம் கைப்பேசியிலும் அதையே போட்டுத் தரச் சொன்னார். போட்டாயிற்று. வீட்டில் இனி நீங்கள் மட்டுமே பாக்கி.