பொருள் சொன்னால்தான் புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலக் கட்டுரை நோட்டு நாற்பத்திரண்டையும் திருத்திவிட்டுக் கைபேசியில் ஸ்கிராபிள் ஆட்டத்தைத் திறந்தால், தம்பி 'ஜாக்ஸ்' என்ற ஆங்கில வார்த்தையை வைத்திருக்கிறான். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, ஐம்பத்தேழு புள்ளி. படுபாவி! கீழே செய்திப் பெட்டியில் வழக்கம்போல ஒரு வரி: "கூரைக் கற்பலகை வெட்டுற கருவி." பொருள் சொன்னால்தான் புள்ளி. சின்ன வயதில் அட்டை விரித்து ஆடிய காலத்தில் நான் போட்ட சட்டம். ஆறு வருஷமாக எங்களுக்குள் இருக்கும் பேச்சே இந்த ஒரு வரிதான். சாப்பிட்டாயா என்றுகூடக் கிடையாது.

நானும் விடவில்லை. க்யூ, ஐ என்று இரண்டே எழுத்து. பொருள்: உடம்பில் ஓடும் உயிர்ச்சக்தி.

மார்ச் 6, வியாழன்

'கேட்' வைத்திருக்கிறான். பூனை! ஐந்து புள்ளி. பொருளும் எழுதவில்லை. என்ன ஆயிற்று இவனுக்கு?

மார்ச் 8, சனி

நேற்று 'கோ'. இன்று 'சன்'. எல்லாம் ஒன்றாம் வகுப்பு வார்த்தை. அக்காவுக்குப் பாவம் பார்த்து விட்டுக்கொடுக்கிறானா? இல்லை, கைபேசியைத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டானா?

தையல்காரி அவன் மனைவி. நான் அப்படித்தான் சொல்வேன். ஆறு வருஷத்துக்கு முன்பு, அவர்கள் வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னால், "ரெண்டு வார்த்தை இங்கிலீஷ் தெரியாதவளைக் கட்டிக்கிட்டு வந்திருக்கான்" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "இனிமே எங்க வாசப்படியை மிதிக்காதே" என்றான் தம்பி. மிதிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

என் வார்த்தையை வைத்துவிட்டு, கூடவே எழுதினேன்: "ஆட முடியலைன்னா விட்டுடு. உன் பிச்சை யாருக்கு வேணும்?"

மார்ச் 9, ஞாயிறு

பதில் இல்லை. ரோஷமாம்.

மார்ச் 10, திங்கள்

இன்றும் இல்லை. மூன்று நாள் ஆடாவிட்டால் ஆட்டம் தானாக முடிந்துவிடும். அவனுக்கும் தெரியும். கூப்பிடலாமா? நான் ஏன் முதலில் கூப்பிட வேண்டும்?

மார்ச் 11, செவ்வாய்

'நீங்கள் வென்றீர்கள்' என்கிறது கைபேசி. திரை முழுக்க வண்ணக் காகிதம் கொட்டுகிறது.

அதே நாள், மாலை

அத்தை மகன் கூப்பிட்டான். தம்பி போயிட்டான். விடியற்காலையிலே. அஞ்சாம் தேதியே பக்கவாதமாம் — ஆஸ்பத்திரியிலே இருந்திருக்கான் — நான் இங்கே புள்ளி எண்ணிக்கிட்டு — ஐயோ, என் தம்பி.

மார்ச் 14, வெள்ளி

செவ்வாய் இரவே வாசப்படியை மிதித்தேன். தடுக்க அவன் இல்லை.

சடங்கெல்லாம் முடிந்து இன்றுதான், தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எல்லாம் சொன்னாள். "பேச்சு வரல அண்ணி. இடது கையால போனையே காட்டிக்கிட்டிருந்தார். ஆட்டம் நிக்கக் கூடாதேன்னு எனக்குத் தெரிஞ்சதை வெச்சேன்."

"ஏன்டீ என்னைக் கூப்பிடல?"

"பயம்தான். எட்டாம் தேதி மனசைத் தேத்திக்கிட்டுப் போனை எடுத்தேன். அப்போதான் உங்க செய்தி வந்துச்சு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அதை அவருக்குப் படிச்சுக் காட்டலை அண்ணி" என்றாள்.

மூன்று நாள் இருந்தது எனக்கு. முழுசாக மூன்று நாள். அவன் கையைப் பிடித்திருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

நோட்டு ஒன்றும் திருத்தவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மதிய இடைவேளையில் கைபேசி சிணுங்கியது. திரையில் 'தம்பி'.

புது ஆட்டம். முதல் வார்த்தை 'ஹெம்'. கீழே ஒரு வரி: "துணி ஓரத்தை மடிச்சுத் தைக்கிறது. சரியா அண்ணி?"

பழைய செய்திகளையெல்லாம் படித்திருக்கிறாள். சட்டத்தையும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆசிரியர் அறையில் எல்லாரும் பார்க்க அழுதேன். பிறகு, "சரி, முழுப் புள்ளி" என்று எழுதினேன். அனுப்பிவிட்டு இன்னொரு வரியும் எழுதினேன். ஆறு வருஷத்தில் அவனிடம் ஒருமுறைகூடக் கேட்காதது.

"சாப்பிட்டியாம்மா?"