சுவரில் ஒரு நெளிவு

மார்ச் 4, திங்கள்

மழை வரும்போல இருந்தது, வரவில்லை. துணி காய்ந்துவிட்டது.

மகள் முன்னறை ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, லேசர் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறாள். மேடை நிகழ்ச்சிகளில் சுவரிலும் புகையிலும் ஒளியால் படம் வரையும் பெட்டி. அதன் உயிர் உள்ளே இருக்கும் ஸ்கேனர். இரண்டு குட்டி மோட்டார்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் விரல்நகத்தைவிடச் சிறிய கண்ணாடித் துண்டு. ஒன்று ஒளியை இடம் வலமாகத் தள்ளும், மற்றது மேலும் கீழுமாக. இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறதே, அதே சங்கதிதான். (ரிட்டயரான டீச்சர், யாருக்கும் பாடம் எடுக்காமல் இருக்க முடியவில்லை. நோட்டுக்காவது எடுக்கிறேன்.)

ஸ்கேனர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைப் படம்: சதுரத்துக்குள் வட்டம். வட்டம் நான்கு பக்கத்தையும் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மோட்டாருக்கு வேகம் போதாவிட்டால் வட்டம் சுருங்கும். அடக்கம் போதாவிட்டால் சதுரத்தின் மூலைகளில் கொம்பு முளைக்கும். மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகள் மாதிரி. சோம்பேறி மூலையைக் குறுக்கே வெட்டிப் போவான். முரடன் திரும்ப முடியாமல் சுவரில் மோதுவான்.

"நெளியுதும்மா. அந்தக் கோட்டைப் பாரு," என்றாள். எப்போதும்போல இடது கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகை பார்ப்பதுபோல. சின்ன வயதிலிருந்தே அந்தக் கண் மட்டும்தான் அவளுக்குத் தனியாக மூடும். வலதை மூடச் சொன்னால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

எனக்கு நெளிவு தெரியவில்லை. புரை எடுத்த கண், யார் நம்புவார்கள்? மாப்பிள்ளை உள்ளேயிருந்து, "அத்தை கண்ணுக்கு எல்லாமே நேராத்தான் தெரியும், என்னைத் தவிர," என்றார்.

மார்ச் 6, புதன்

நல்ல ஸ்கேனர் கொசுபோலப் பாடும். மோட்டார்களை ஓட்டும் போர்டில் உள்ள திருகாணிகளை இவள் திருகித் திருகி இப்போது அது தரையில் வாளியை இழுப்பதுபோலக் கத்துகிறது. தொட்டால் சுடுகிறதாம்.

இன்னொன்றும் கவனித்தேன். கண்ணாடித் துண்டு அசையாமல் நின்றுவிட்டால் ஒளி முழுவதும் ஒரே இடத்தில் குத்தும். அப்படி நின்றால் உடனே ஒளியை அணைக்க ஒரு காவல் சர்க்யூட் உண்டு. திருகும்போது அது சும்மா சும்மா அணைத்துவிடுகிறது என்று குறுக்கே ஒரு சிவப்பு வயரைப் போட்டு அதைத் தூங்கவைத்திருக்கிறாள். "இந்தத் தொழில்ல எல்லாரும் பண்றதுதாம்மா." பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்குகிறது. போட்டால் லேசரின் நிறமே தெரியாது, படத்தை எப்படிப் பார்ப்பது என்கிறாள். அதுவும் நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

சவுண்டு வந்திருந்தான். ஸ்பீக்கர் வைப்பவன், மகளோடு பல வருஷமாக மேடை மேடையாகச் சுற்றுகிறவன். பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர். இன்று மெதுவாகப் பேசினான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து ஒத்திகையில, நிகழ்ச்சி நடத்துறவங்க கம்பெனிச் சின்னம் மாட்டுக்கொம்பு மாதிரி வந்துச்சு. முன்னாடி ஒழுங்காத்தானே இருந்துச்சு?"

"ஸ்கேனர் தேஞ்சு போச்சுடா. வேற மோட்டார் ஜோடி சொல்லியிருக்கேன்."

"முந்தா நாள் நான் பாத்தப்போ நல்லா..."

"நீ காதை வச்சுப் பொழைக்கிறவன். கண்ணைப் பத்தி எங்கிட்ட பேசாத."

அவன் சிரித்தான். என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

மார்ச் 11, திங்கள்

புது ஜோடி அதற்கான போர்டோடு வந்தது. மாட்டினாள். சுவரில் சதுரம், வட்டம். ஒற்றைக்கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுலயும் அதே நெளிவும்மா. வித்தவனும் ஏமாத்திட்டான்."

வகுப்பில் ஒரு உதாரணம் சொல்வேன். ஒரே காய்ச்சல்மானியை வகுப்பு முழுக்க வைத்துப் பார்க்கிறீர்கள். எல்லாருக்கும் காய்ச்சல் காட்டுகிறது. அப்போது யாருக்கு மருந்து கொடுக்க வேண்டும்? பிள்ளைகள் கத்துவார்கள்: காய்ச்சல்மானிக்கு!

புது ஸ்கேனர். புது போர்டு. அதே சுவர். எனக்கு நேராகத் தெரிகிறது. சவுண்டுக்கும் நேராகத்தான் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால்—

எழுத வேண்டாம். எழுதினால் நிஜமாகிவிடும்.

மார்ச் 12, செவ்வாய்

கேட்டேன். "கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வரலாமாடி?"

"உன் கண்ணை ஆபரேஷன் பண்ணினதுலேருந்து ஊர்ல எல்லாருக்கும் கண்ணு சரியில்லன்னு ஆயிடுச்சா உனக்கு? அம்மா, நீ ரிட்டயர் ஆயாச்சு. உன் வாயும் ஆகட்டும்."

வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அவள் பதில் வேகமாக வந்தது. படிக்காமல் வந்த பிள்ளைதான் கேள்வி முடியுமுன் கோபப்படும்.

நல்லா இருந்த புது ஜோடியையும் திருக ஆரம்பிச்சுட்டா. நான் பாத்துக்கிட்டே நிக்கறேன். வேற என்னத்தைப் பண்ண?

மார்ச் 15, வெள்ளி

அவள் குளிக்கப் போயிருந்தாள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். சுவரில் ஸ்கேலை வைத்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். தலையைத் துவட்டியபடி வந்தாள்.

"இது நேரா இருக்கா?" என்றேன்.

பழக்கத்தில் இடது கண்ணை மூடினாள். பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். தலை துவட்டிய துண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும்மா," என்றாள்.

போன மாதம். சிவப்பு வயர் குறுக்கே இருந்தது. லேசர் அணைந்துதான் இருக்கிறது என்று நினைத்துப் பெட்டிக்கு நேரே குனிந்து திருகினாள். கண்ணாடித் துண்டு சிக்கி நின்றுவிட்டது. "வலிக்கவே இல்லம்மா. ஒரு வெள்ளைப் பொட்டு மாதிரி இருந்துச்சு. தண்ணி விட்டுக் கழுவினேன். போயிடும்னு நெனச்சேன்."

எங்கிட்ட ஏண்டி சொல்லல என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இத்தனை நாளும் அவள் ஸ்கேனரையா திருகிக்கொண்டிருந்தாள்?

மார்ச் 18, திங்கள்

கண் டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்தார். நடுவில் ஒரு புள்ளி. "புள்ளியை மட்டும் பாருங்க. கோடெல்லாம் நேரா இருக்கா?"

"டாக்டர், இதே வேலையைத்தான் நான் ஸ்கேனருக்குப் பண்றேன்," என்று சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

விழித்திரையின் நடுவில் தழும்பு. சொட்டு மருந்து? இல்லை. ஆபரேஷன்? இல்லை. கொஞ்சம் தெளியலாம், தெளியாமலும் போகலாம். "இருக்கிற கண்ணைப் பத்திரமா பாத்துக்கங்க."

வருஷா வருஷம் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போய் லென்ஸால் காகிதத்தைப் பொசுக்கிக் காட்டுவேன். கண்ணுக்குள்ளும் இப்படி ஒரு லென்ஸ் இருக்கிறது என்பேன். கைதட்டுவார்கள். எத்தனை உதாரணம் வைத்திருந்து என்ன, இதற்கு ஒன்றும் வரவில்லை.

மார்ச் 20, புதன்

கட்டத்தாளை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். காலையில் பல் தேய்க்குமுன் அதன்முன் நிற்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மார்ச் 22, வெள்ளி

மாப்பிள்ளை கண்ணுக்குக் கட்டும் கறுப்புப் பட்டை வாங்கி வந்தார். வேலை செய்யும்போது போட்டுக்கொள்ள. அதைத் தூக்கி எறிந்தாள்.

"நான் என்ன கடல் கொள்ளைக்காரியா?"

"அப்போ எல்லாத்தையும் வித்துட்டு வேற ஏதாவது பாரு. இன்னொரு கண்ணும் போனா?"

"வேற என்ன பாக்க? சொல்லுங்க. எனக்கு இது ஒண்ணுதான் வரும். அம்மா, நீயாவது சொல்லு!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விடை தெரியாமல் எழுந்து நிற்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அது உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

மார்ச் 29, வெள்ளி

முன்னறை பூட்டியே இருக்கிறது. சவுண்டு வாசல்வரை வந்து, மாப்பிள்ளையிடம் பேசிவிட்டுப் போய்விட்டான்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மத்தியானம் முன்னறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். பெட்டி திறந்திருந்தது. சிவப்பு வயரைப் பிடுங்கி மேஜைமேல் போட்டிருந்தாள். தேய்ந்துபோனது என்று ஒதுக்கிய பழைய ஜோடியை அதன் போர்டோடு மாட்டியிருந்தாள். பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். விளக்கை அணைத்தாள்.

சதுரம் வந்தது. மூலைகளில் கொம்பு. அவளே திருகி முளைக்கவைத்த கொம்பு. காவல் சர்க்யூட் படத்தை அணைத்தது. காத்திருந்தாள். திரும்ப வரவைத்தாள். அணைந்தது. காத்திருந்தாள்.

இடது கண் தானாக மூடியது. "ச்சே." திறந்தாள். வலதை மூடப் பார்த்தாள், இரண்டும் மூடிக்கொண்டன. கையால் பொத்தினாள். ஆனால் போர்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும், திருக ஒரு கை வேண்டும்.

"அம்மா."

"ம்?"

"இங்க வந்து நில்லு. கண்ணைப் பொத்து."

பின்னால் போய் நின்று, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன்.

"அழுத்தாத. வெளிச்சம் மட்டும் வராம பாத்துக்க."

திருகினாள். சத்தம் மெல்ல மெல்ல இறங்கிக் கொசுப்பாட்டாயிற்று. கொம்புகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. என் கைக்குள் அந்தக் கண் மூடவேயில்லை. இமை உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"நேராயிடுச்சும்மா," என்றாள்.

ஆமாம் என்றேன். கையை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.