விட்டுப்போன பெயர்

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். தையல் மெஷினைப் பழுதுபார்த்தாகிவிட்டது.

சின்னவனை அடக்கம் செய்த மறுநாள், காலை ஜெபத்தில் வழக்கம்போல வீட்டார் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனேன். மூத்தவள் பெயருக்குப் பின்னால் அவன் பெயரும் வாயில் வந்துவிட்டது. இவர் கண்ணைத் திறந்து, "செத்தவனுக்கு ஏன்டி ஜெபம்? பாஸ்டர் அத்தனை சொல்லியும் மண்டையில ஏறலையா?" என்றார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவனுக்கு அந்த நொடியே கதவு அடைபட்டுவிட்டதாம். அன்றிலிருந்து மூத்தவள் பெயரோடு ஆமென் சொல்லிவிடுகிறேன்.

"பரலோகத்துலயும் இவன் கடைசி பெஞ்சுதான்" என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

நீ வாழ்க்கைப்பட்டுப் போன கத்தோலிக்க சபையில் இறந்தவர்களுக்குப் பூசை வைக்கிறார்கள். நடுவில் ஓர் இடம் உண்டு, அங்கே தவிக்கிற ஆத்துமாவுக்கு நம் ஜெபம் போய்ச் சேரும் என்கிறாய். அவனுக்காக ஒரு பூசை வைக்கச் சொல். இவருக்குத் தெரிய வேண்டாம்.

ஆனால் ஃபாதர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதாதே. நீ சொல்கிற அந்த நடு இடம் நிஜமென்றால், இத்தனை மாதமும் பெற்ற பிள்ளையை ஒரு ஜெபம்கூட இல்லாமல் தவிக்க விட்டவள் நான். பாஸ்டர் சொல்வது நிஜமென்றால், இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை. முழங்கால் போட்டால், இரண்டில் எது பொய்யாகட்டும் என்று கேட்பதென்றே தெரியவில்லை.

உன் தங்கை