மாமியார் வீட்டுக் கூரையை அணைப்பது எப்படி

ஜூலை 6, ஞாயிறு

ஊரே ஓய்வெடுக்கும் நாளில் பதுளை மின்சார அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதற்குச் சம்பளம் வேறு.

ஹல்துமுல்லை லைனில் நடுப்பகல் வோல்ட்டேஜ் 251. 244ஐத் தாண்டக் கூடாது. தேயிலை ஃபெக்டரி மூடல், கடைகள் பாதி மூடல், கரண்டை எடுக்க ஆளில்லை. கூரைகளில் இருக்கும் சோலாரோ கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. புஹாரி நானாவின் கடையில் ஃப்ரீஸர் புகைந்துவிட்டதாம்.

"சோலார் போடுங்கன்னு வீடு வீடா அலஞ்சது நீங்கதானே தம்பி?" என்றார் போனில்.

நான்தான். சூரியனுக்கு லீவே கிடையாது என்று பெருமையடித்ததும் நான்தான். லீவு கொடுத்திருக்கலாம்.

ஜூலை 8, செவ்வாய்

எல்லாக் கூரைகளுக்கும் புதுப் பெட்டி பொருத்தியாயிற்று. இனி இங்கிருந்தே பட்டனைத் தட்டி எந்த வீட்டு சோலாரையும் நிறுத்தலாம். எஞ்சினியர் சொல்லிவிட்டார்: "244 தாண்டினா லைன் கடைசியில இருந்து நிறுத்திட்டு வாங்க. அங்கதான் கூட ஏறும்."

லைனின் கடைசி வீடு யாருடையது? பவுலினா. என் மாமியார். என் பேச்சை நம்பி ஹல்துமுல்லையிலேயே முதலில் சோலார் போட்டவர்.

ஆண்டவரே, இவ்வளவு பெரிய ஊவா மாகாணத்தில் உமக்கு வேறு வீடே கிடைக்கவில்லையா?

ஜூலை 9, புதன்

மாமியாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "ரொஷானிகிட்ட குடுங்க" என்றார்.

என் மனைவியிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார். "ஊரு மாப்பிள்ளைங்க கரண்டு குடுப்பாங்க. நமக்கு வாய்ச்சது புடுங்குது."

ஜூலை 13, ஞாயிறு

மேகம். தப்பித்தேன்.

இரவு ஏழு மணிக்கு போனில் பார்த்தால் ஹல்துமுல்லையின் கரண்ட் செலவுக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. அங்கே அப்படி என்ன கூத்து? நிமிர்ந்தால் எதிரில் ரொஷானி, மகளின் வெள்ளை யூனிஃபோமைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளை திங்கள். அங்கேயும் எல்லா வீட்டிலும் இதே வேலைதான்!

"இதையே பகல்ல செஞ்சா என்ன?"

"காலைல துவைச்சது பகலுக்குள்ள காயுமா? சனிக்கிழமை கொழுந்து எடுத்துட்டு வர்றவங்க, உங்க கோட்டுக்காக ராத்திரி உக்காந்து துவைக்கணுமாக்கும்?"

நியாயம்தான். நான் கைக்குட்டைகூடத் துவைத்தவனில்லை. ஆனாலும் இந்த யோசனை என்னை விடவில்லை. அத்தனை வீடும் பகலில் கரண்ட் எடுத்தால் வோல்ட்டேஜ் இறங்கும். யார் கூரையையும் தொட வேண்டாம்.

ஜூலை 16, புதன்

ஹல்துமுல்லை போனேன். மாதா கோயில் மண்டபத்தில் ஃபாதர் ஆட்களைக் கூட்டியிருந்தார். "ஞாயிறு பகல்ல கரண்டைத் தாராளமாச் செலவழிங்க" என்றேன். சிரித்தார்கள். என் தலைக்கு மேலேயே 'மின்சாரத்தைச் சேமிப்போம்' போஸ்டர். எங்கள் ஆபீஸ்தான் ஒட்டியது.

மாமியார் கடைசி வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போனார். வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு வாய் தேத்தண்ணிகூடத் தரவில்லை. கல்யாணமானதிலிருந்து இது முதல் தடவை. உண்மையாகவே வலித்தது.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். கொலைகார வெயில்.

பதினொரு மணிக்கு 242. பிறகு 243. பட்டியலில் முதல் பெயர் பவுலினா. விரல் பட்டன் மேல். செய்யத்தானே வேண்டும்? புஹாரி நானாவின் புது ஃப்ரீஸரும் எரியவா?

243. 241. 239.

மேகமா? இல்லை, சோலார் முழு வேகத்தில்தான் கொட்டுகிறது. எங்கே போகிறது இத்தனை கரண்டும்? மீட்டர் பழுதோ என்று தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாமியார். என்னிடம் நேரடியாக!

"நேத்து ராத்திரி மாதர் சங்கம் மொத்தமும் உக்காந்து துவைச்சோம். இந்தக் காத்துக்கு விடியக்குள்ள காஞ்சிருச்சு. யூனிஃபோம் எல்லாம் தேய்ச்சாச்சு. கர்ட்டனும் தேய்ச்சாச்சு. ஃபாதர் அங்கியையும் விடல. இனி தேய்க்கத் துணி இல்ல மாப்பிள்ளை. போதுமா?"

"போதும் அத்தை" என்றேன். வோல்ட்டேஜ் கோடு மெல்ல மறுபடி ஏறியது. 240.

"அத்தை, இல்ல... கரண்ட் கேத்தலையும் போடுங்க."

"அப்ப வேலை முடிஞ்சதும் ரொஷானியக் கூட்டிட்டு வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்."

"நாங்க வர்றதுக்குள்ள ஆறிப் போயிருமே."

"ஆறுனா இன்னொரு தடவை போடுறேன். உங்களுக்கு அதுதானே வேணும்?"