மூன்றாம் பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

மூன்று வருடமாக எழுதாதவன் திடீரென்று எழுதுகிறானே, என்ன வேண்டுமாம் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. வேண்டும்தான். திட்டி முடித்துவிட்டு மேலே படி.

ஹோட்டல் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நாற்பத்தெட்டு அறை. ரொம்பப் பெரிதும் இல்லை, மட்டமும் இல்லை. இப்போது புதிதாக ஒரு பங்காளி சேர்ந்திருக்கிறார். எது சரியாக இருக்கிறது, எது இல்லை என்று அவர் கேட்கிறார். என்னைக் கண்டால் எல்லோரும் பல்லைக் காட்டுகிறார்கள், எனக்கு எப்படித் தெரியும்? ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நீ வார்டனுக்கு எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் ஒரு வாரம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லையே!

பரிசோதனைக்காக இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறாய் என்று உன் மச்சான் சொன்னார். நாலு நாள் என் ஹோட்டலில் தங்கு. எனக்குத் தெரிந்தவன் என்று யாரிடமும் சொல்லாதே. திரும்பிப் போனதும் உள்ளதை உள்ளபடி எழுது. போனில் வேண்டாம், உன் கையெழுத்திலேயே வேண்டும். தேதி, முழுப்பெயர், கையொப்பம் எல்லாம் போடு.

வீட்டில் தங்கச் சொல்லியிருப்பேன். மராமத்து வேலை நடக்கிறது.

என்றும் உன்,
ஒட்டகம்

பிப்ரவரி 24

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உன் ஹோட்டல் திறப்பு விழா அழைப்பிதழ் விழா முடிந்து பதினோராம் நாள் என் கைக்குக் கிடைத்தது. பன்னிரண்டு வருடம் ஆயிற்று என்கிறாய். எனக்கும் கணக்கு தெரியும். உன் வீட்டு மராமத்தும் நான் ஊருக்கு வரும்போதெல்லாம் நடக்கிறது. போகட்டும். பரிசோதனை முடிவு பயப்படும்படி இல்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன்.

விடைத்தாள் திருத்தித் திருத்தி, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமும் தேதியும் போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இதிலும் போட்டிருக்கிறேன். ஒட்டகமே, இனி உன் ஹோட்டல்.

வாசலில் இரண்டு தொட்டிகளில் பிளாஸ்டிக் செடி. அதற்கு ஒருவர் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தேன். கேட்டேன். "தூசி போறதுக்கு சார்" என்றார். சரி, ஒப்புக்கொண்டேன். லிஃப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி. என் வயதில் ஒரு மனிதன் தன் பின்மண்டையைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன?

இருநூற்றுப் பதினான்காம் அறை. ஜன்னல் திரைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் நாலு விரற்கடை வெளிச்சம், நேராகத் தலையணையில். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஏசி இயந்திரங்கள் பதினாறு. வேலையில்லாதவன், எண்ணினேன். குளியலறைத் தரையின் சரிவைக் கொத்தனார் திருப்பிப் போட்டுவிட்டார்; குளித்த தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கட்டிலை விசாரிக்க வருகிறது. சிவப்புப் புள்ளி போட்ட குழாயில் பச்சைத் தண்ணீர், நீலப்புள்ளியில் கொதிக்கிறது. ரிசப்ஷனுக்குப் போன் செய்தேன். "அஞ்சு நிமிஷம் சார்." மறுநாளும் அதே ஐந்து நிமிடம். துண்டை மட்டும் அன்னம் போல மடித்து வைக்கிறார்கள். அன்னத்தால் முகம் துடைக்க முடியாது, பிரித்தால் கிழிசல்.

மூன்றாம் பக்கத்தில் ஒன்றைப் பாராட்டப் போகிறேன். பயந்துவிடாதே.

ரயில் காலை ஆறரைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு எட்டரைக்கு இருக்க வேண்டும். ரயிலில் ஒருவர் தம் தேநீரில் பாதியை என் சட்டைக்குக் கொடுத்திருந்தார். ரிசப்ஷனில் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை என்றார்கள். ஊசிக்குப் பயந்தவன், இரவெல்லாம் தூங்காதவன், கறைச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அப்போது அறைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும்; எல்லோரும் அவரை அக்கா என்கிறார்கள். "ஆஸ்பத்திரியா சார்?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "ஊர் சுத்த வர்றவங்க இப்படி உட்கார மாட்டாங்க" என்றார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மேலே கூட்டிப்போய், சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு காலி அறையைத் திறந்துவிட்டார். "குளிங்க சார். சட்டையைக் கதவுல மாட்டுங்க." குளித்து வந்தபோது சட்டை அலசி, இஸ்திரி போட்டு, இளஞ்சூட்டோடு தொங்கியது. இது விதிப்படி சரியா என்று கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு எப்பவும் திறந்துதான் விடுவேன் சார். முதலாளிக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன, அவருக்கும் ஒருநாள் உடம்புக்கு முடியாமப் போகும்ல" என்று சிரித்தார். பத்து ஹோட்டலில் தங்கியிருக்கிறேன். என்னை ஒரு மனிதனாக நடத்தியது இந்த அம்மா ஒருவர்தான்.

போதும். நான்காம் பக்கத்திலிருந்து காலை உணவு. ரொட்டி வாட்டும் இயந்திரத்தில் ஒருமுறை போட்டால் வெள்ளை, இருமுறை போட்டால் கரி. முட்டை முந்தைய நாளே முடிவெடுத்தது போல இருந்தது...

ஏழாம் பக்கமும் முடிந்தது. படித்துத் திருத்திக்கொள்.

உன்,
சிடுமூஞ்சி

மார்ச் 2

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. பிளாஸ்டிக் செடியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். நீ மாறவே இல்லை. மூன்றாம் பக்கம் ரொம்பப் பயன்பட்டது. இந்த உதவியை மறக்க மாட்டேன். அடுத்தமுறை வந்தால் கட்டாயம் வீட்டில்தான் தங்க வேண்டும். வேலை நெருக்கடி, பிறகு விரிவாக எழுதுகிறேன்.

ஒட்டகம்

மார்ச் 19

ஒட்டகத்துக்கு,

நேற்று வகுப்பு முடிந்து வெளியே வரும்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"சார், இருநூத்திப் பதினாலு சாரா?"

"ஆமா. நீங்க?"

"சட்டை இஸ்திரி போட்டேனே சார். ரிஜிஸ்டர்ல பார்த்து உங்க நம்பரை எடுத்தேன், தப்பா நினைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"விசாரணைன்னு கூப்பிட்டாங்க. உங்க எழுத்தை மேசைல வச்சாங்க. நான் பேசினது ஒண்ணுகூட விடாம எழுதியிருக்கீங்க. முதலாளிக்குத் தெரியாதுன்னு நான் சொன்னதை முதலாளிக்கே எழுதியிருக்கீங்களே சார்! பன்னெண்டு வருஷம். வீட்டுக்குப் போன்னுட்டாங்க."

"அம்மா, நான் பாராட்டித்தான்..."

"கடைசி வரியும் படிச்சாங்க சார். மனுஷனா நடத்தினேன்னு. அதுக்கு ஒரு வக்கீல் சிரிச்சாரு."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். தம்மைப் பற்றி நான் ஏன் புகார் சொன்னேன் என்று ஒரு தகவல் கேட்பது போலக் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஏழு பக்கம் எழுதினேன். ஆறு பக்கம் குறை. அந்தக் குழாயைத் திருத்தினாயா? திரையைச் சேர்த்துத் தைத்தாயா? என் வாழ்க்கையில் ஒரு மனிதரைப் பாராட்டி ஒரே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், அதன்மேல்தான் உனக்கு நடவடிக்கை எடுக்கத் தோன்றியதா? என் கடிதத்தை உன் மேசைக்கு எழுதவில்லை. ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டவனுக்கு எழுதினேன். முதலாளி எடுத்துப் படித்திருக்கிறார்.

நீ கல்லூரியில் என் குறிப்புகளை வைத்துக் கட்டுரைப் பரிசு வாங்கினாய். மறக்கவில்லை, ஆனால் பொறுத்தேன். இதைப் பொறுக்க முடியாது. உடனே அந்த அம்மாவைத் திரும்ப எடு. எடுத்துவிட்டு எழுது.

சிடுமூஞ்சி

மார்ச் 27

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கோபம் எனக்குப் புதிதில்லை. நிதானமாகப் படி.

துப்புரவு, துணி, அறை எல்லாவற்றையும் வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட வேண்டும் என்பது பங்காளியின் நிபந்தனை. அக்கா இருக்கும்வரை அது நடக்காது. அவர் போனால் மற்றவர்கள் தாமாகக் கலைந்துவிடுவார்கள். ஆனால் அவர்மேல் ஒரு வார்த்தை சொல்ல ஹோட்டலில் ஆள் கிடையாது. வாட்ச்மேன் முதல் சமையல்காரர் வரை ஏதோ ஒரு வகையில் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். விருந்தினர் ஒருவர் எழுத்தில் கொடுத்தால் போதும் என்று வக்கீல் சொன்னார். உண்மையை ஒளிக்கவில்லை: உன்னை அழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நீ அவரைப் பற்றித்தான் எழுதுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரையும் விட்டுவைக்க மாட்டாய் என்று மட்டும் தெரியும்.

பதிவு செய்யாதவருக்கு அறையைத் திறந்துவிட்டது தப்பா இல்லையா? பொய்யாக ஒன்றும் நான் சேர்க்கவில்லை. நீ எழுதியதுதான்.

அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ஏப்ரல் 18, காலை பதினொரு மணிக்கு விசாரணை. உனக்கும் கடிதம் வரும். வந்து, எழுதியது உண்மை என்று சொன்னால் போதும். நீ பொய் சொல்ல மாட்டாய். அதை நம்பித்தான் இருக்கிறேன். அந்த அம்மாவுக்கு வேறிடத்தில் வேலைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

உன்,
ஒட்டகம்

ஏப்ரல் 20

ஹோட்டல் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

நேற்று முன்தினம் நடந்தது தங்களுக்குத் தெரியும். மூன்று நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

நான் உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். ஏழு பக்கத்தின் நகலும் என் பையில் இருந்தது. முழுக் கடிதத்தையும் படிக்கக் கொடுத்து, கதவைத் திறந்தது உண்மை, எனக்காகத் திறந்தது, அதற்கு ஒரு எச்சரிக்கை போதும், என் நண்பன் இரக்கம் இல்லாதவன் அல்ல என்று சொல்ல நினைத்திருந்தேன். ரயிலில் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

தொழிலாளர் அலுவலர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்களிடம் கேட்டார்: "ஒரு பக்கம்தான் இருக்கு. முன்னும் பின்னும் எங்க? யாருக்கு எழுதினது?"

"பொதுவா எழுதிக் கொடுத்ததுங்க. வர்றவங்க எழுதுவாங்க."

"இவரை உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பார்க்காமல் சொல்லியிருக்கலாம்.

"தெரியாதுங்க. தங்க வந்தவர்."

முப்பத்திரண்டு வருடம். தங்கள் தந்தை இறந்தபோது தங்களை ஊருக்குக் கூட்டிப்போக யார் வந்தார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்துவிட்டேன்.

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாங்க."

"எழுதியிருக்கிறது நடந்ததா?"

"இல்லைங்க."

வக்கீல் எழுந்துவிட்டார். "சார், இவ்வளவு விவரமா யாராவது பொய் எழுதுவாங்களா?"

"பொய்யைத்தாங்க விவரமா எழுதுவாங்க. எனக்குத் தினம் இதுதான் வேலை" என்றார் அலுவலர். "நீங்க சொல்லுங்க. ஏன் எழுதினீங்க?"

"போற இடமெல்லாம் குறை எழுதிக் கொடுக்கறது என் பழக்கம். எழுதி எழுதி எனக்கே சலிப்பாப் போச்சு. நல்லதா ஒண்ணு எழுதிப் பார்ப்போம்னு கற்பனையா எழுதினேன். நான் ரயில்வே ஸ்டேஷன்லயே குளிச்சேன். எனக்கு யாரும் கதவைத் திறக்கல."

சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மாணவர்கள் முன்னால் இருபத்தாறு வருடமாக எதைப் பற்றி மார்தட்டி வந்தேனோ அது அந்த அறையில் போயிற்று. என்னைக் கல்லூரி முதல்வர் ஆக்காதவர்களைக்கூட நான் பொய் சொல்லிக் கெடுத்ததில்லை. தாங்கள் அப்போது எழுந்து, இவன் என் நண்பன், இவன் பொய் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கு தங்கள் பக்கம் வந்திருக்கும். சொல்வீர்கள் என்றுகூட எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் தோற்றாலும் எனக்கு ஒரு நண்பன் மிஞ்சியிருப்பான்.

சாட்சி இல்லாததால் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அலுவலர் எழுதியது தங்களுக்குக் கிடைத்திருக்கும்.

வெளியே படிக்கட்டில் அந்த அம்மா நின்றிருந்தார். அருகில் போவதா வேண்டாமா என்று தயங்கினேன். அவரே பேசினார்.

"நன்றி சொல்லணும்னு தெரியுது சார். ஆனா வரல."

"வேண்டாம்மா."

"வேலைக்குப் போவேன். ஆனா இனிமே பன்னெண்டு மணிக்கு முன்னால எந்தக் கதவையும் திறக்க மாட்டேன். யாரு எப்படி உட்கார்ந்திருந்தாலும்."

இறங்கிப் போய்விட்டார். தங்கள் வக்கீலும் பங்காளியும் கேட்டதைவிட இது நல்ல தீர்ப்பு, இல்லையா? விதி இனி மீறப்படாது. அதைச் செய்து முடித்தவர்கள் நாம் இருவரும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். தெரியாதவர்கள் எழுதிக்கொள்வதில்லை.

இப்படிக்கு,
நாலு நாள் தங்கிப்போன ஒருவன்